வேகமா அடிச்சா ரேஜ் ஏறுமா? புதுசா ஆடுறவங்களுக்கு ஒரு கணக்கு

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு மேல என் சித்தப்பா பையன் போன் பண்ணான். "அண்ணா, ரேஜே ஏற மாட்டேங்குதுண்ணா, கொசு அடிக்கிற மாதிரி சும்மா அடிச்சிட்டே நிக்கிறேன், ஒரு ஸ்கில்லும் அமுக்க முடியல." வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்ல வாரியர், லெவல் 30. (ரேஜ்ங்கறது வாரியர் ஸ்கில் அமுக்கச் செலவு பண்ற பார், சண்டையில அடிக்க அடிக்க ஏறும்.) கையில என்னடா வச்சிருக்கனு கேட்டா, ரெண்டு கையிலயும் ரெண்டு குட்டிக் கத்தி, ரெண்டும் 1.7 ஸ்பீட், அதாவது 1.7 செகண்டுக்கு ஒரு அடி, நம்பர் சின்னதா இருந்தா வேகம் ஜாஸ்தி. ஏன்டா இதுன்னா, "வேகமா அடிச்சா நிறைய அடி விழும், நிறைய அடி விழுந்தா நிறைய ரேஜ் வரும்ல"ங்கறான். கேக்க நல்லாத்தான் இருக்கு, நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன், புதுசா வர்ற முக்கால்வாசி பேர் அப்படித்தான் நெனக்கிறாங்க. ஆனா அது தப்பு. ஏன் தப்பு, எந்த கேம்ல அது சரி, உங்க கேரக்டருக்கு எப்படி கண்டுபிடிக்கறதுனு அவனுக்கு ஒரு மணி நேரம் சொன்னதை கொஞ்சம் ஒழுங்குபண்ணி இங்க எழுதறேன். கால்குலேட்டர் பக்கத்துல வச்சுக்கோங்க, பெருக்கல் வகுத்தல் தவிர வேற எதுவும் இல்ல.

முதல் வேலை: உங்க பார் எதைத் தின்னு வளருதுனு பாருங்க

ரேஜ், எனர்ஜி, டிபி, ஃப்யூரினு கேமுக்கு கேம் பேர் வேற, ஆனா அந்த பார் நிறையற வழி மூணு நாலுதான். ஒண்ணு, நீங்க அடிச்ச டேமேஜ் எவ்ளோங்கறதை வச்சு ஏறும். ரெண்டு, எத்தனை அடி விழுந்துதுங்கறதை வச்சு ஏறும், அடி பெருசா சின்னதாங்கறது பத்தி அதுக்குக் கவலையே இல்ல. மூணு, ஆயுதத்து மேல எழுதியிருக்கிற ஸ்பீடை வச்சு ஏறும். நாலாவது, கடிகாரம் ஓடுனா போதும், நீங்க அடிச்சாலும் சும்மா நின்னாலும் ஏறும். இதுல உங்க கேம் எந்த வகைங்கறது தெரியாம அட்டாக் ஸ்பீட் நல்லதா கெட்டதான்னு கேக்கறது, ஊர் பேர் சொல்லாம பஸ் டிக்கெட் கேக்கற மாதிரி. சில கேம்ல ரெண்டு வகை கலந்தும் இருக்கும், அதையும் பின்னாடி பாக்கலாம்.

கிளாசிக் வாரியர் முதல் வகை, டேமேஜ். அதுலயும் ஆட்டோ அட்டாக் (ஸ்கில் அமுக்காமலே தானா விழற அடி) டேமேஜ் மட்டும்தான், அதாவது ஸ்கிரீன்ல வெள்ளை கலர்ல வர்ற நம்பர். ஸ்கில் அமுக்கி மஞ்சள் கலர்ல 500 வந்தாலும் அது ரேஜ் தராது, ரேஜைத் தின்னும், அவ்ளோதான். என் தம்பிக்கு இந்த வெள்ளை மஞ்சள் விஷயமே தெரியாது, முப்பது லெவல் ஆடிட்டான் பாவம்.

ரெண்டாவது: ஒரு ரேஜுக்கு எத்தனை டேமேஜ் வேணும்

கிளாசிக் கணக்கு இது: அடிச்ச டேமேஜை ஒரு எண்ணால வகுத்து 7.5ஆல பெருக்கினா வர்றதுதான் அந்த அடிக்குக் கெடைக்கிற ரேஜ். அந்த வகுக்கிற எண் லெவலுக்கு லெவல் மாறும், 60ல அது 230.6. இதையே திருப்பிப் போட்டா இன்னும் ஈஸியா புரியும்: லெவல் 10ல சுமாரா 5 டேமேஜுக்கு ஒரு ரேஜ், லெவல் 20ல 9.7க்கு ஒண்ணு, 30ல 14.6க்கு, 40ல 19.7க்கு, 60ல கிட்டத்தட்ட 30.7 டேமேஜ் அடிச்சாத்தான் ஒரு ரேஜ்.

இந்த வரிசையை ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. லெவல் ஏற ஏற ரேஜோட விலை ஏறிட்டே போகுது, கடையில தக்காளி விலை மாதிரி, ஆனா இது எறங்கவே எறங்காது. அப்போ லெவல் 20ல வாங்கின கோடாலியை 30 வரைக்கும் இழுத்துட்டு வந்தா என்ன ஆகும்? அடி கொஞ்சம்தான் கூடியிருக்கும், விலை ஒண்ணரை மடங்கு ஆயிருக்கும், பார் ஏறாது. "திடீர்னு வாரியர் வீக் ஆயிட்டான்"னு புலம்பறவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் வியாதி, மருந்து புது ஆயுதம். வேற கிளாஸ்காரனுக்கு ஆயுதம் பழசானா கொஞ்சம் டேமேஜ் குறையும், வாரியருக்கு அடியும் குறையும் அந்த அடியால வர்ற ரேஜும் குறையும் அந்த ரேஜால அமுக்கற ஸ்கில்லும் குறையும், மூணு பக்கமும் அடி.

மூணாவது: ஸ்பீடை உள்ள கொண்டுவாங்க

இப்போ லெவல் 20ல ரெண்டு கோடாலி எடுத்துக்குவோம். ஒண்ணு 3.5 ஸ்பீட், ஆர்மர் கழிச்சு ஒரு அடிக்கு 70 விழுது. இன்னொண்ணு 2.0 ஸ்பீட், ஒரு அடிக்கு 40. ரெண்டுக்கும் செகண்டுக்கு 20 டேமேஜ்தான். ரேஜ் பாத்தா, மெதுவான கோடாலி ஒரு அடிக்கு 7.25 தருது, வேகமானது 4.14 தருது, செகண்டுக்கு வகுத்தா ரெண்டும் 2.07. சமம். ஆயுதம் வேகமா மெதுவாங்கறதுக்கு கிளாசிக்ல ரேஜ் விஷயத்துல நீண்ட சண்டையில ஒரு பைசா வித்தியாசம் இல்ல, மொத்த டேமேஜ்தான் பேசுது.

"நீண்ட சண்டையில"னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நீங்க லெவல் ஏத்தறப்போ எந்த மாபும் (நீங்க அடிக்கற மான்ஸ்டர்) நீண்ட நேரம் நிக்காது. ஒரு மாப் 15 செகண்ட்ல சாகுதுனு வச்சுக்கோங்க. முதல் அடி நீங்க கிட்ட போன உடனே விழுந்துடும், அதுக்குக் காத்திருக்க வேணாம். 3.5 கோடாலி 0, 3.5, 7, 10.5, 14 செகண்ட்ல அடிக்கும், அஞ்சு அடி, 36 ரேஜ். 2.0 கோடாலி எட்டு அடி அடிக்கும், 33 ரேஜ். ஒரே டிபிஎஸ் (செகண்டுக்கு டேமேஜ்), ஆனா மெதுவான ஆயுதம் ஜெயிக்குது, ஏன்னா அந்த முதல் ஓசி அடி அதுக்குப் பெருசு. சார்ஜ்ங்கற ஸ்கில்லால எதிரி மேல பாஞ்சு உள்ள போற வாரியருக்கு ஒவ்வொரு மாபுலயும் இந்த ஓசி அடி உண்டு (சார்ஜ் முதல் ரேங்க்லயே 9 ரேஜ் தனியா தருது), அதனால லெவலிங் அப்போ பெரிய ரெண்டு கை ஆயுதம் எடுங்கனு எல்லாரும் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஓவர்பவர் மாதிரி ஆயுத டேமேஜை வச்சு அடிக்கற ஸ்கில் எல்லாம் மெதுவான ஆயுதத்துல பெருசா விழும்ங்கறது, ஆனா அது டேமேஜ் கதை, ரேஜ் கதை இல்ல.

ஒரு குறையும் சொல்லிடறேன். மெதுவான ஆயுதத்துல ஒரு மிஸ் ஆனா மூணரை செகண்ட் பட்டினி. அந்த மூணரை செகண்ட்ல மாப் உங்களை ரெண்டு தடவை கடிச்சிடும். சராசரி நல்லா இருந்தாலும் ஏத்த எறக்கம் ஜாஸ்தி, அதைத் தாங்கிக்கிற மனசு வேணும்.

இப்போ தம்பி கணக்குக்கு வருவோம், அவன்கிட்ட நான் போன்லயே போட்டுக் காட்டினது. லெவல் 30, ஒரு ரேஜுக்கு 14.6 டேமேஜ். அவனோட வலது கைக் கத்தி 34 அடிக்குது, அதாவது 2.3 ரேஜ். இடது கை பாதி டேமேஜ்தான் அடிக்கும், இது ரூல், அப்போ 17, அதுக்கு 1.2 ரேஜ். இதோட முடிஞ்சுதா, இல்ல. ரெண்டு கையில ஆயுதம் பிடிச்சா ஆட்டோ அட்டாக் மிஸ் 19 பர்சென்ட் கூடும், சம லெவல் மாபுக்கே 5 போய் 24 ஆகும், நாலுல ஒரு அடி காத்துல போகுது. எல்லாம் கழிச்சுப் பாத்தா செகண்டுக்கு 1.57 ரேஜ். பெட்டியில சும்மா கிடந்த ரெண்டு கை வாள், 3.4 ஸ்பீட், 100 அடிக்கும், மிஸ் 5 பர்சென்ட், செகண்டுக்கு 1.92. "அண்ணா, ஆனா கத்தி டபடபன்னு அடிக்குதே"ங்கறான். அடிக்குதுடா, சத்தம் வருது, ரேஜ் வரல.

(லெவல் 60ல நல்ல கியரோட ரெண்டு கையிலயும் ஆயுதம் பிடிக்கற, அதாவது டூயல் வீல்ட் ஃப்யூரி வாரியர் பறக்கறாங்களே, அது எப்படினு கேப்பீங்க. அவங்க ஹிட் கியர் சேத்து மிஸ்ஸைக் குறைச்சிருப்பாங்க, டேலன்ட்ல (லெவல் ஏறும்போது கெடைக்கற பாயின்ட் போட்டு வாங்கறது) இடது கை டேமேஜை ஏத்தியிருப்பாங்க, கூடவே முழு ரெய்டு குழு தர்ற பஃப் (தற்காலிக பலம்) இருக்கும். லெவல் 30ல பச்சை கியர்ல அதைக் காப்பி அடிக்காதீங்க.)

நாலாவது: ரெண்டு விதமான வேகம் இருக்கு, குழப்பிக்காதீங்க

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு இடம் மட்டும் படிப்பேன்னு சொன்னா இதைப் படிங்க.

ஆயுதத்து மேல எழுதியிருக்கற ஸ்பீட் ஒண்ணு. ஹேஸ்ட் (அடிக்கற வேகத்தைக் கூட்டறது), பஃப், டேலன்ட் எல்லாம் சேந்து இப்போ நீங்க நிஜமா அடிச்சிட்டு இருக்கற ஸ்பீட் இன்னொண்ணு. ஆயுத டூல்டிப்ல மவுஸை வச்சா முதல் நம்பர் தெரியும், கேரக்டர் ஷீட்ல டேமேஜ் மேல மவுஸை வச்சா ரெண்டாவது நம்பர் தெரியும். முதல் நம்பர் குறைஞ்சா ஒரு அடியோட சைஸும் சேந்து குறையும், அதனால லாபம் இல்ல. ரெண்டாவது நம்பர் மட்டும் குறைஞ்சா அடியோட சைஸ் அப்படியே இருக்கும், அடி மட்டும் அடிக்கடி விழும். அதுதான் நிஜ லாபம்.

ஆர்க்கனைட் ரீப்பர்னு பிளாக்ஸ்மித் செய்யற ஒரு ரெண்டு கை கோடாலி, கிளாசிக் ஆடினவங்களுக்கு மறக்காது. டேமேஜ் 153லேருந்து 256, ஸ்பீட் 3.8. உங்ககிட்ட அட்டாக் பவர் 1000 இருக்குனு வைங்க, அதை 14ஆல வகுத்து ஸ்பீடால பெருக்கினா 271 கூடும். சராசரி அடி 476. எதிரி ஆர்மர் 30 பர்சென்ட் தின்னுதுன்னா 333. ரேஜ் 10.8. இதை 3.8 செகண்டுக்கு ஒரு தடவைன்னா செகண்டுக்கு 2.85. இப்போ ஒரு க்ரிட் (அதிர்ஷ்டத்துல பெருசா விழற அடி) அடிச்சு ஃப்ளரி டேலன்ட் கிளம்பிடுச்சு, அஞ்சு பாயின்ட் போட்டிருந்தா அடுத்த மூணு அடிக்கு 30 பர்சென்ட் வேகம், ஸ்பீட் 3.8லேருந்து 2.92 ஆயிடும். ஒரு அடி அதே 333, அதே 10.8 ரேஜ், ஆனா செகண்டுக்கு 3.7. ஒரு தம்பிடி செலவில்லாம 30 பர்சென்ட் கூடுதல் ரேஜ். அதனாலதான் ஃப்ளரி ஓடிட்டு இருக்கும்போது வாரியர் வேற ஆளா மாறிடறான்.

இதே கேமோட அடுத்த பாகம் பர்னிங் க்ரூசேட்ல கணக்கையே மாத்திட்டாங்க, அங்க ஆடுறவங்க இதைக் கவனிங்க. அங்க ரேஜ் ரெண்டு துண்டு. பாதி பழைய மாதிரி டேமேஜ்ல இருந்து வரும், மீதி ஆயுத ஸ்பீட்ல இருந்து வரும்: வலது கைக்கு ஸ்பீடை 3.5ஆல பெருக்கி ரெண்டால வகுக்கணும், க்ரிட்டுனா 3.5க்கு பதிலா 7, இடது கைக்கு இதுல பாதி பாதி. லெவல் 70ல வகுக்கிற எண் 274.7. வலது கையில 2.6 ஸ்பீட் வாள் 600 அடிச்சா டேமேஜ் துண்டுல இருந்து 8.2, ஸ்பீட் துண்டுல இருந்து 4.55, மொத்தம் 12.7 ரேஜ். அந்த ஸ்பீடுங்கறது ஆயுதத்து மேல எழுதின ஸ்பீட்தான், ஹேஸ்ட் சேந்தது இல்ல. அங்க ஃப்ளரி 25 பர்சென்ட், அது ஓடும்போது நீங்க 2.08க்கு ஒரு தடவை அடிப்பீங்க, கணக்குல மட்டும் 2.6ன்னே எடுத்துக்கும். அதனால செகண்டுக்கு 4.9 ரேஜ் இருந்தது 6.1 ஆகும். ஆயுதம் வேகமானதா எடுத்தா? ஸ்பீட் துண்டு செகண்டுக்கு எப்பவும் 1.75தான், எந்த ஆயுதமா இருந்தாலும். கணக்கு மாறிச்சு, பதில் மாறல. அடி ரொம்ப பொடிசா இருந்தா இதுக்கு ஒரு உச்சவரம்பு வேற உண்டு, நல்ல கியர் போட்டவங்க அதைத் தொடவே மாட்டாங்க, விட்டுடுங்க. பின்னாடி 2010ல கேட்டக்ளிஸம்ங்கற பாகத்தோட டேமேஜைக் கணக்குல இருந்தே தூக்கிட்டு ஆயுத ஸ்பீடை மட்டும் வச்சுக்கிட்டாங்க, கியர் நல்லா இருக்கறவன் ரேஜ்ல முங்கறான், கியர் இல்லாதவன் காயறான்ங்கற பழைய பிரச்சனை அதுல கொஞ்சம் அடங்குச்சு. எனக்கென்னவோ பழைய கணக்குதான் பிடிக்கும், நியாயம் இல்ல, ஆனா புது ஆயுதம் கெடைச்ச அன்னைக்கு ரேஜ் பாரைப் பாக்கற சுகம் அதுலதான்.

அஞ்சாவது: வர்றது மட்டும் இல்ல, ஒழுகறதையும் பாருங்க

ஹீரோயிக் ஸ்ட்ரைக் பட்டனைப் பத்தி ஒரு வார்த்தை, இதுல ஏமாறாதவங்க கம்மி. டூல்டிப்ல 15 ரேஜ்னு போட்டிருக்கும். ஆனா அது உடனே அடிக்காது, அடுத்து விழப்போற ஆட்டோ அடியை மாத்திட்டு அதுக்குப் பதிலா விழும், வெள்ளை அடி மஞ்சள் அடி ஆயிடும், மஞ்சள் அடி ரேஜ் தராது. அப்போ நிஜ விலை 15 கூட்டல் நீங்க இழந்த ரேஜ். மேல சொன்ன லெவல் 20 கோடாலில 3.5 ஸ்பீட் ஆளுக்கு அது 15ம் 7ம் சேந்து 22. 2.0 ஸ்பீட் ஆளுக்கு 19. வேகமான ஆயுதத்துல ஒரு தடவைக்கு விலை கம்மி, ஆனா ஒரு நிமிஷத்துக்கு அதிக தடவை அமுக்கலாம், சேந்து பாத்தா வேகமான ஆயுதம் ரேஜை வேகமா எரிக்கும். ரேஜ் வழிஞ்சு ஓடற ரெய்டு வாரியருக்கு இது வரம், பார் 20ஐத் தாண்டாத புது ஆளுக்கு சாபம். பார் 50 தாண்டாம அந்த பட்டனைத் தொடாதீங்க, லெவலிங்ல என்னோட ரூல் இது, கொஞ்சம் கஞ்சத்தனம்தான், ஆனா வேலை செய்யும்.

பாரோட உச்சம் 100. 95ல இருக்கும்போது 11 ரேஜ் வந்தா 6 வீண். மெதுவான ஆயுதம் ஒரே அடியில மொத்தமா கொட்டறதால இது நடக்க வாய்ப்பு ஜாஸ்தி, வேகமான ஆயுதம் சொட்டு சொட்டா கொடுக்கும், பாத்து செலவு பண்ணலாம். ஸ்டான்ஸ் (வாரியர் நிக்கற சண்டை நிலை) மாத்தினா மொத்தமும் போயிடும், டாக்டிகல் மாஸ்டரி டேலன்ட் போட்டா ஒரு பாயின்டுக்கு 5ன்னு 25 வரைக்கும் மிச்சம் வைக்கலாம். சண்டை முடிஞ்சா தானா வடியும், அதனால மீதி ரேஜ் இருக்கும்போதே அடுத்த மாபுக்கு ஓடுங்க, நடுவுல டீ குடிக்கப் போகாதீங்க. சண்டை நடுவுல ஆயுதம் மாத்தினா ஸ்விங் டைமர் (அடுத்த ஆட்டோ அடிக்கான கவுன்ட்) மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும், மெதுவான ஆயுதக்காரனுக்கு அது பெரிய நஷ்டம், ஸ்லாம் அடிச்சாலும் அதே கதை. ஸ்விங் டைமர் காட்டற ஆட்ஆன் ஒண்ணு போட்டுக்கோங்க, இதெல்லாம் கண்ணால தெரியும்.

அடி வாங்கினாலும் ரேஜ் வரும், ஆனா 7.5க்கு பதிலா 2.5, மூணுல ஒரு பங்கு. லெவல் 60ல 92 டேமேஜ் வாங்கினா ஒரு ரேஜ். டேங்க் (குழுவுக்காக முன்னாடி நின்னு அடி வாங்கறவர்) ஆடுறவங்களுக்கு இது முக்கியம், மத்தவங்க இதுக்காக அடி வாங்க வேணாம்.

ஆறாவது: வேற கேம், வேற கிளாஸ்

ரோக் கிளாஸோட எனர்ஜி கிளாசிக்ல கடிகார வகை. ரெண்டு செகண்டுக்கு 20, நீங்க அடிங்க, படுங்க, டான்ஸ் ஆடுங்க, 20தான். ஸ்லைஸ் அண்ட் டைஸ் போட்டா 30 பர்சென்ட் வேகமா அடிப்பீங்க, டேமேஜ் கூடும், எனர்ஜி ஒரு சொட்டும் கூடாது. ஆனா பர்னிங் க்ரூசேட்ல காம்பாட் பொடன்சினு ஒரு டேலன்ட் வந்துச்சு, அஞ்சு பாயின்ட் போட்டா இடது கை அடி ஒவ்வொண்ணுக்கும் 20 பர்சென்ட் சான்ஸ்ல 15 எனர்ஜி. சராசரியா ஒரு அடிக்கு 3. இது பக்காவா "எத்தனை அடி"ங்கற வகை, அடியோட சைஸ் கணக்கே இல்ல. அப்போ இடது கையில 2.6 ஸ்பீட் வச்சா செகண்டுக்கு 1.15 எனர்ஜி, 1.4 ஸ்பீட் வச்சா 2.14, மிஸ் கழிக்காம. கடிகாரம் தர்ற செகண்டுக்கு 10க்கு மேல இது. தம்பி நெனச்ச லாஜிக் இங்க அப்படியே சரி, பாவம் அவன் கிளாஸ் மாத்தி எடுத்துட்டான். டயாப்ளோ 3ல பார்பேரியனோட ஃப்யூரியும் ஜெனரேட்டர் ஸ்கில் ஒரு அடிக்கு இவ்ளோனு தர்ற ஜாதி, அட்டாக் ஸ்பீட் ஏத்தினா சீக்கிரம் நிறையும், ஆனா செலவு பண்ற ஸ்கில்லும் அதே வேகத்துல விழும்ங்கறதால சீக்கிரம் காலியும் ஆகும்.

என்னைக் கேட்டா இந்த விஷயத்துல அழகான கணக்கு ஃபைனல் ஃபேன்டசி 11தான். ஜப்பான்ல 2002ல வந்த கேம். அங்க ஆயுதத்துக்கு டிலேனு ஒரு நம்பர், 60 டிலேன்னா ஒரு செகண்ட். அடி விழுந்தா டிபி ஏறும், 1000 வந்தா வெப்பன் ஸ்கில் அடிக்கலாம், 3000 வரைக்கும் சேக்கலாம். டேமேஜ் எவ்ளோங்கறது டிபிக்குத் தெரியவே தெரியாது, டிலே மட்டும்தான். டிலே 180க்கு மேல 540 வரைக்கும், 180ஐக் கழிச்சு 88ஆல பெருக்கி 360ஆல வகுத்து 61ஐக் கூட்டணும். 450 டிலே பெரிய கட்டானாவுக்கு 127 டிபி, எட்டு அடியில 1000. ஸ்டோர் டிபி (ஒரு அடிக்கு வர்ற டிபியைக் கூட்டறது) கியர் 32 சேத்தா ஒரு அடிக்கு 167, ஆறே அடி. அங்க இருக்கற சாமுராய்க எல்லாம் "சிக்ஸ் ஹிட்", "ஃபைவ் ஹிட்"னு பேசிக்கறது இதைத்தான், ஆறுக்கும் அஞ்சுக்கும் நடுவுல எவ்ளோ ஸ்டோர் டிபி சேத்தாலும் ஒண்ணுக்கும் உதவாது, ஒரு முழு அடி குறையணும்.

இப்போ ரெண்டு விதமான வேகம்னு மேல சொன்னேனே, அது இங்க தோலை உரிச்சுக் காட்டும். ரெண்டு கையிலயும் 200 டிலே கத்தி. மொத்த டிலே 400, ஒரு சுத்துக்கு 6.67 செகண்ட், ஒரு கத்திக்கு 65 டிபின்னா சுத்துக்கு 130, செகண்டுக்கு 19.5. இப்போ ஹேஸ்ட் 25 பர்சென்ட் போடுங்க. சுத்து 5 செகண்ட் ஆகும், டிபி மாறாது, செகண்டுக்கு 26. சரி, ஹேஸ்ட்டுக்கு பதிலா டூயல் வீல்ட் ட்ரெய்ட்ல இருந்து அதே 25 பர்சென்ட் வாங்குங்க. சுத்து அதே 5 செகண்ட், ஆனா இது டிலேயையே குறைக்குது, கேம் உங்க கத்தியை 150 டிலே கத்தினு எடுத்துக்கும், ஒரு அடிக்கு 55 டிபிதான், சுத்துக்கு 110, செகண்டுக்கு 22. கண்ணால பாத்தா ரெண்டு பேரும் ஒரே வேகத்துல அடிக்கறாங்க. ஒருத்தருக்கு 26, இன்னொருத்தருக்கு 22.

அதோட அந்த கேம்ல நீங்க அடிக்கற ஒவ்வொரு அடியும் எதிரிக்கும் டிபி கொடுக்கும். பொடி டேமேஜ்ல டபடபன்னு அடிக்கற ஆள் பார்ட்டில இருந்தா அந்த மான்ஸ்டர் வரிசையா ஸ்பெஷல் மூவ் போட்டு எல்லாரையும் படுக்க வைக்கும், ஹீலர் திட்டறது உங்களைத்தான் இருக்கும். சட்டில் ப்ளோனு ஒரு ட்ரெய்ட் இதைக் குறைக்கத்தான் இருக்கு, மங்க் ஜாபுக்கு அது தானாவே வரும்.

கடைசியா: அளந்து பாருங்க

கணக்கு எல்லாம் பேப்பர்ல. உங்க கேரக்டர், உங்க ஆயுதம், உங்க ஹிட், அதை அளந்தாத்தான் தெரியும். பழைய கிளாசிக்ல ஊருக்குள்ள ட்ரெய்னிங் டம்மி கெடையாது, அது ராத் (பர்னிங் க்ரூசேடுக்கு அடுத்த பாகம்) காலத்துல வந்தது, அதனால மாபைத்தான் தேடணும். உங்க லெவல் மாப் ஒண்ணு, தனியா நிக்கறது. சார்ஜ் பண்ணாதீங்க, ப்ளட்ரேஜ் அமுக்காதீங்க (அது உடனே 10, அப்புறம் பத்து செகண்ட்ல இன்னொரு 10 தரும், கணக்கு கெட்டுடும்), ஸ்கில் எதுவும் வேணாம், வெறும் ஆட்டோ அட்டாக். போன்ல ஸ்டாப்வாட்ச் வைங்க. பார் 0லேருந்து கிளம்பி மாப் சாகறப்போ எவ்ளோ இருக்குனு எழுதுங்க, எத்தனை செகண்டுனு எழுதுங்க. அடி வாங்கறதால வர்ற ரேஜும் இதுல கலக்கும், அதனால ரெண்டு ஆயுதத்துக்கும் ஒரே மாப் வகை, ஒரே ஆர்மர், ஒரே ஸ்டான்ஸ். ஒரு ஆயுதத்துக்கு பத்து மாப் அடிங்க, அஞ்சு பத்தாது, ரெண்டு மிஸ் சேந்து வந்தா சராசரியே சாஞ்சிடும். லெவல் 50க்கு மேல இருந்தா பிளாஸ்டட் லேண்ட்ஸ்ல சாவாத சர்வன்ட் டீமன்க நாலு இருக்கும், உயிர் குறைஞ்சா தானா ஏத்திக்கும், ஆயுத ஸ்கில் ஏத்த எல்லாரும் அங்கதான் போவாங்க, நீண்ட சண்டை அளக்க அதைவிட தோதான இடம் இல்ல.

தம்பி மறுநாளே பண்ணான். ரஃப் நோட்ல ரெண்டு காலம் போட்டு, கத்தி ஒரு பக்கம், ரெண்டு கை வாள் ஒரு பக்கம், பத்து பத்து மாப். போட்டோ எடுத்து அனுப்பினான். கத்தி பக்கம் ஒரு இடத்துல மட்டும் வாளை விட ஜாஸ்தி, பக்கத்துலயே "இந்த தடவை க்ரிட் நிறைய அண்ணா, இதை எடுத்துக்கலாமா"னு எழுதியிருக்கான். மீதி ஒம்போதுலயும் வாள்தான். கத்தி ரெண்டையும் ஏல வீட்டுல போட்டுட்டான், ஒண்ணு அன்னைக்கே வித்துடுச்சு, வாங்கினவன் லெவல் 24 வாரியராம்.